‘உடம்பு நல்லாதான் இருக்கு’: பெண்கள் உடல்நல ஆய்வாளர்கள் இந்தப் பதிலோடு ஏன் நிற்பதில்லை?

மருந்துச் சீட்டு எழுதாத ‘டாக்டர்கள்’ இவர்கள். கேள்வி கேட்பதும், பதிலைக் கவனமாகப் பதிவு செய்வதும்தான் வேலை. அதனால் என்ன மாறுகிறது? இதை யார் படிக்கலாம்? இதில் என்ன சிக்கல்?

காலை ஷிஃப்ட் தொடங்க நேரம் இருக்கும்போதே வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ்கள் ஓட ஆரம்பித்துவிடும். படப்பையில் கழுத்தில் ஐடி கார்டும் கையில் டிபன் பையுமாக நிற்கும் இளம்பெண்கள் ஒரகடம் பக்கமும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் போகிறார்கள். எதிர்ப்பக்கம் தாம்பரம் போய், அங்கிருந்து ரயில் பிடித்து ஆபீஸுக்கோ ஜவுளிக் கடைக்கோ போகிறவர்களும் உண்டு.

இவர்களில் ஒருவரிடம் “உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டால், “நல்லாதான் இருக்கு” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அதையே கொஞ்சம் மாற்றி, “ஷிஃப்ட்ல எத்தனை தடவை தண்ணி குடிப்பீங்க? பாத்ரூம் போகணும்னா யார்கிட்ட சொல்லிட்டுப் போகணும்? பீரியட்ஸ் அன்னிக்கு வலி தாங்கலைன்னா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நீளும். ‘நல்லாதான் இருக்கு’ என்ற பதிலுக்குள் என்னவெல்லாம் அடங்கியிருந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

இப்படிக் கேள்வியை மாற்றிக் கேட்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் பெண்கள் உடல்நலத்தையும் பாலினத்தையும் ஆராய்பவர்கள். சொந்தக்காரர்களிடம் இந்த வேலையை விளக்குவதே அவர்களுக்குப் பெரும்பாடு. “டாக்டர்னு சொல்றீங்க, எந்த ஆஸ்பத்திரி?” என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

மகப்பேறு மருத்துவருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

ரத்தசோகையோடு வரும் ஒரு பெண்ணுக்கு மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை தருவார். அது அவசியமான வேலை. ஆய்வாளரின் கேள்வி அங்கிருந்து தொடங்கும். அந்த வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள்? மாத்திரை வாங்கிய பெண் அதை ஏன் பாதியில் நிறுத்தினார்? வேலைக்கு லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு வர அவரால் முடிகிறதா? இதே பிரச்சினை எல்லாச் சாதியிலும், எல்லா வருமானத்திலும் ஒரே அளவில் இருக்கிறதா?

பால் என்பது உடல் சார்ந்தது. பாலினம் என்பது பெண் இப்படி, ஆண் இப்படி என்று சமூகம் வகுத்துவைத்திருப்பது. உடம்பில் வரும் நோய்க்கும் சமூகம் வகுத்த இந்த விதிகளுக்கும் உள்ள தொடர்பைத் தேடுவதுதான் இந்தத் துறை. பொருளாதாரம், சமூகவியல், மானுடவியல், புள்ளியியல், மருத்துவம், சட்டம் என எந்தப் பக்கத்திலிருந்தும் இதற்குள் வரலாம்.

மருத்துவ அறிவியலே வெகுகாலம் ஆண் உடம்பை அளவுகோலாக வைத்துத்தான் இயங்கியது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1977-ல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. குழந்தை பெறக்கூடிய வயதில் உள்ள பெண்களை, மருந்துகளின் ஆரம்பகட்டப் பரிசோதனையில் சேர்க்க வேண்டாம் என்றது அது. 1993-ல்தான் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்குத் தூக்க மாத்திரையான ‘ஜோல்பிடம்’ ஓர் உதாரணம். அந்த மருந்து பெண்களின் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்பதால், பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி 2013-ல் அதே நிர்வாகம் அறிவித்தது. அந்த மருந்து சந்தைக்கு வந்து அப்போது 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

650 பெண்கள், 92 சதவீதம்

இந்தியாவில் இந்தத் துறையின் போக்கை மாற்றிய ஆய்வு ஒன்று மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் நடந்தது. மகப்பேறு மருத்துவர் ராணி பங்கும் அவர் கணவர் மருத்துவர் அபய் பங்கும் தங்கள் குழுவினருடன் சேர்ந்து, இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தேடி வந்த நோயாளிகளை மட்டும் பார்க்காமல், ஊரில் இருந்த பெண்களையே பரிசோதித்ததுதான் இதில் முக்கியம்.

முடிவு 1989 ஜனவரியில் ‘லான்செட்’ இதழில் வெளியானது. 92 சதவீதப் பெண்களுக்குப் பெண்நோயோ பால்வினை நோயோ ஒன்றாவது இருந்தது. சராசரியாக ஒருவருக்கு 3.6 பிரச்சினைகள். ஆனால், அதற்கு முன் பெண்நோய்க்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம் மட்டுமே.

அதுவரை கிராமத்துப் பெண் அரசின் கணக்கில் வந்ததெல்லாம் இரண்டே இடங்களில்தான்: பிரசவம், குடும்பக் கட்டுப்பாடு. இந்த இரண்டுக்கும் வெளியே அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்று கேட்க ஒரு படிவம்கூட இல்லை. வெள்ளைப்படுதலும் இடுப்பு வலியும் ‘எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதானே’ என்று ஆகியிருந்தன. எல்லோருக்கும் வருவதால் அது இயல்பு என்று ஆகிவிடாது என்பதை அந்த 92 சதவீதம் காட்டியது.

செங்கல்பட்டில் 13 பெண்கள்

இதே போன்ற ஒரு தேடல் அதற்கும் முன்பே சென்னைக்குத் தெற்கே தொடங்கியிருந்தது. படப்பையிலிருந்து வண்டலூர், செங்கல்பட்டு வழியாக ஐம்பது கிலோமீட்டர் வாக்கில் போனால் திருக்கழுக்குன்றம். அந்த வட்டாரத்துக் கிராமங்களில் வயதுவந்தோர் கல்வித் திட்டத்தில் வேலை பார்த்த பெண்கள் சிலர் 1981-ல் ஒன்றுசேர்ந்து ‘ரூரல் விமென்ஸ் சோஷியல் எஜுகேஷன் சென்டர்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மொத்தம் 13 பேர். அவர்களில் 12 பேர் உள்ளூர் தலித் பெண்கள். பதிமூன்றாமவர் பொருளாதாரம் படித்த டி.கே.சுந்தரி ரவீந்திரன்.

கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவிப்பது அந்த மையத்தின் முக்கிய வேலையானது. மருத்துவச் சேவையோடு ஆய்வும் அங்கே நடந்தது. கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு போனவர்களும் பதில் சொன்னவர்களும் ஏறக்குறைய ஒரே ஊர், ஒரே பேச்சு. ‘அடி இறங்கிடுச்சு’ என்று ஒரு பெண் தாழ்ந்த குரலில் சொன்னால், அது கர்ப்பப்பை இறக்கம் என்று புரிந்துகொள்ள இடையில் யாரும் தேவைப்படவில்லை.

அந்தக் கர்ப்பப்பை இறக்கம் பற்றிய அவர்களுடைய ஆய்வு, பிரசவத்துக்குப் பிறகு போதிய ஓய்வில்லாமல் கடும் வேலைக்குத் திரும்பும் பெண்கள் இந்தப் பிரச்சினையோடு வருடக்கணக்கில் சிகிச்சையின்றி வாழ்வதைப் பதிவு செய்தது. ‘ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல?’ என்று கேட்பது சுலபம். ஆபரேஷன் செய்தால் சில வாரங்களாவது பாரம் தூக்கக் கூடாது. நாற்று நடவுக்கும் செங்கல் சுமக்கவும் போகிற பெண்ணுக்கு அந்த வாரங்களின் கூலியை யார் தருவது, தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவது என்ற கேள்விக்கு மருத்துவப் புத்தகத்தில் பதில் கிடையாது.

சுந்தரி ரவீந்திரனின் பயணம் இந்தத் துறையில் ஒரு கல்வியாளரின் வாழ்க்கை எப்படி அமையலாம் என்பதற்கு நல்ல உதாரணம். 1992-ல் அவர் எழுதிய கட்டுரை, வளரும் நாடுகளில் பிரசவ கால மரணங்களுக்கு மருத்துவமனை அமைப்பே எப்படிக் காரணமாகிறது என்று அலசியது. ‘தாய் தாமதமாக வந்தார்’ என்று எழுதி ஃபைலை மூடுவதற்கு முன், வந்தபோது ரத்தம் இருந்ததா, டாக்டர் இருந்தாரா, சரியான சிகிச்சை கிடைத்ததா என்று கேட்கச் சொன்னது. அடுத்த ஆண்டு, 1993-ல், லண்டனிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘ரீப்ரொடக்டிவ் ஹெல்த் மேட்டர்ஸ்’ ஆய்விதழில் மார்ஜ் பெரருடன் இணை ஆசிரியரானார். பின்னர் திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுதமேனன் மையத்தில் பேராசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். திருக்கழுக்குன்றத்துக் கிராமத்தில் கேட்ட கேள்விகள் உலக அளவிலான பயிற்சிக் கையேடுகள் வரை போய்ச் சேர்ந்தன.

அந்த மையத்தின் பி.பாலசுப்பிரமணியனுடன் சேர்ந்து அவர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சங்கடமான இடத்தைத் தொட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் திருமணமான பெண்கள் ஏன் கருக்கலைப்புக்குப் போகிறார்கள் என்று இரண்டு தலைமுறைப் பெண்களிடம் கேட்டார்கள். கணவரிடமும் பேசினார்கள். கருத்தடை பற்றித் தெரியாததுதான் காரணம் என்ற வழக்கமான விளக்கம் போதவில்லை. வேண்டாம் என்று கணவரிடம் சொல்ல முடியாத நிலை, கட்டாய உறவு, வன்முறை ஆகியவைதான் அடியில் இருந்தன. கருவைக் கலைக்க அனுமதி கிடைத்துவிடுகிறது, உறவை மறுக்க அனுமதி இல்லை என்ற முரணை அந்தக் கட்டுரையின் தலைப்பே சொன்னது.

கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை, கணவர் கட்டாயப்படுத்திய உறவும் பாலியல் வன்கொடுமை என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிராமத்துப் பெண்கள் சொல்லி, அது அச்சில் வந்து 18 ஆண்டுகள் கழிந்திருந்தன.

யாருடைய ரத்தம், யாருடைய அனுமதி?

இந்தத் துறை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் சென்னையிலேயே இருக்கிறது.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், நிர்மலா என்ற முதுநிலை மாணவி தன் ஆய்வுக்காக எச்.ஐ.வி. கிருமியைத் தேடினார். பாலியல் தொழிலில் இருந்ததாகப் பிடித்துவரப்பட்டு சென்னை விஜிலென்ஸ் ஹோமில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். மாதிரிகளை வீட்டு ஃப்ரிட்ஜில் பாதுகாத்து வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு பெண்களின் ரத்தத்தில் கிருமி இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதன்முதலில் தெரியவந்தது. வசதிகள் அதிகம் இல்லாத காலத்தில் ஒரு மாணவி செய்த பெரிய சாதனை அது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய எச்சரிக்கையும் அதுவே.

ஆனால், எந்த நோய்க்கான சோதனை என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. பூட்டிய இல்லத்தில் இருப்பவர் ‘எனக்கு இஷ்டமில்லை’ என்று சொல்ல முடியுமா என்ற கேள்வியும் அன்றைக்குப் பெரிதாக எழவில்லை. அந்தக் காலத்தில் நடைமுறை அப்படித்தான் இருந்தது. இன்றைக்கு அப்படி ஓர் ஆய்வைத் தொடங்கவே முடியாது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், புரியும் மொழியில் விளக்கம், எழுத்துபூர்வ சம்மதம், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை, சிறையிலோ இல்லத்திலோ இருப்பவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு என்றெல்லாம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் விரிவாகச் சொல்கின்றன.

படப்பைவாசிகள் அடிக்கடி கடந்துபோகும் தாம்பரம் சானடோரியத்துக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனை, 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துச் சிகிச்சை தரும் பெரிய மையமானது. 2004 ஏப்ரல் 1-ல் இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தை முதலில் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. மருந்து வந்த பிறகு ஆய்வாளர்களின் கேள்வி வேறு பக்கம் திரும்பியது. கர்ப்பகாலப் பரிசோதனையில் மனைவிக்குத்தான் நோய் முதலில் தெரியவருகிறது. அப்போது பழியும் முதலில் யார் மேல் விழுகிறது? அமெரிக்க மானுடவியலாளர் செசிலியா வான் ஹாலன் தமிழ்நாட்டுப் பெண்களிடம் பேசி 2013-ல் எழுதிய நூல் இந்த அனுபவங்களைப் பற்றியதுதான்.

99.6 சதவீதத்துக்குப் பின்னால்

‘இதெல்லாம் பழைய கதை. இப்போ தமிழ்நாடு எங்கேயோ போயிடுச்சே’ என்று தோன்றலாம். உண்மைதான். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஒரு லட்சம் குழந்தை பிறப்புக்கு 54 தாய்மார்கள் இறக்கிறார்கள் என்கிறது 2018–20-க்கான மாதிரிப் பதிவு முறை. இந்திய அளவில் இது 97. ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் தணிக்கை செய்து, எங்கே தவறியது என்று கேட்கும் வழக்கம் இங்கே 1990-களிலேயே தொடங்கியதும் இதற்கு ஒரு காரணம்.

அதே ஆய்வின் மற்ற எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

• தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8 சதவீதம். மக்கள்தொகை அளவில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, அதனால் மரணங்கள் மேலும் குறைவதாகச் சான்று இல்லை என்பது 2015-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

• 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

• குடும்பக் கட்டுப்பாடு என்றால் இங்கே பெரும்பாலும் பெண்ணுக்கு ஆபரேஷன்தான். ஆண்களின் கருத்தடை ஆபரேஷன் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆண்களுக்கான ஆபரேஷன்தான் எளிது, சீக்கிரம் குணமாகும் என்பது மருத்துவர்கள் எல்லோரும் அறிந்தது.

மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தாயிற்று. உள்ளே என்ன நடக்கிறது? சிசேரியன் யாருக்குத் தேவைப்பட்டது, யாருக்கு முடிவு செய்யப்பட்டது? லேபர் வார்டில் யார் யாரை எப்படிப் பேசினார்கள்? பிரசவம் முடிந்ததும் காப்பர்-டி வைக்கும்போது அந்தப் பெண்ணிடம் கேட்டார்களா? அதே வான் ஹாலன் 1995-ல் சென்னையிலும் புறநகர் மீனவக் குப்பத்திலும் தங்கிச் செய்த ஆய்வில் இந்தக் கடைசிக் கேள்வியை எழுப்பியிருந்தார். எண்ணிக்கை எவ்வளவு என்று சர்வே சொல்லும். ஏன், எப்படி என்று சொல்ல உட்கார்ந்து பேசும் ஆய்வு வேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள்தான் இந்தத் துறைக்குத் தேவை.

வேலைக்குப் போகும் உடம்பு

படப்பை போன்ற ஊர்களுக்கு இதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது.

பெண்கள் உடல்நலம் என்றாலே தாய்மை என்று சுருக்கிவிடுகிறோம், வேலையிடம் பெண்ணின் உடம்பை என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை. அடையாறில் உள்ள சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் பேராசிரியர் பத்மினி சுவாமிநாதன் 1997-லேயே இதை எழுதினார். வேலையா, உடல்நலமா என்று இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற நிலையில் பெண்களை வைத்துவிட்டு, அதைத் தேர்வு என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

அதற்குப் பிறகு வந்த செய்திகள் அவர் சொன்னதைத்தான் உறுதிசெய்தன. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களிடம் 2019-ல் அரசுக் குழு நடத்திய கணக்கெடுப்பில், 82,309 பேரில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது. அதாவது ஆறு பேரில் ஒருவர். மாதவிடாய்க்கு லீவு எடுத்தால் கூலி போவதோடு அபராதமும் கட்ட வேண்டியிருந்தது என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். அதே 2019-ல் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் சுமார் 100 பெண்களிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை பேசியது. மாதவிடாய் வலிக்குப் பெயர் ஒட்டாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே தரப்பட்டதாக அவர்கள் கூறினார்கள்.

மாற்றமும் வந்திருக்கிறது. ஜவுளிக் கடையிலும் நகைக் கடையிலும் நாள் முழுக்க நின்றே வேலை செய்தவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டம் திருத்தியது. கேரளம் இதை 2018-ல் செய்திருந்தது. கோழிக்கோட்டு ஜவுளிக் கடைப் பெண்கள் கேட்டுப் போராடியதில் வந்த உரிமை அது. கால் வீக்கமும் நரம்புச் சுருளும் சிறுநீர்த் தொற்றும் அதுவரை ‘அவரவர் உடம்புப் பிரச்சினை’. சட்டம் வந்ததும் அது முதலாளியின் பொறுப்பானது.

தொழிற்சாலை இரவு ஷிஃப்ட், விடுதிச் சாப்பாடு, கழிப்பறை நேரம், ஐடி பெண்களின் தூக்கமின்மை, வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது இரட்டிப்பாகும் வேலைப்பளு ஆகியவை பற்றியெல்லாம் இந்தப் பகுதியிலிருந்தே எத்தனையோ ஆய்வுகள் வரலாம். இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு கம்பெனி பஸ்ஸிலும் இரண்டு மூன்று பேராவது அந்த வலியோடு ஏறுகிறார்கள்.

இதைப் படிக்க எங்கே போகலாம்?

எந்த இளநிலைப் பட்டத்தோடும் வரலாம். வழிகள் முக்கியமாக இரண்டு.

பொது சுகாதாரம்: எம்.பி.எச். எனப்படும் முதுநிலைப் பட்டம். சென்னையில் ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்., திருவனந்தபுரத்தில் அச்சுதமேனன் மையம் ஆகியவை நடத்துகின்றன. புள்ளியியல், நோய்ப்பரவல், ஆய்வு வடிவமைப்பு ஆகியவற்றில் பிடிமானம் கிடைக்கும். சில இடங்களில் மருத்துவம் சார்ந்த பட்டம் கேட்பார்கள். சேர்க்கை விதிகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பெண்ணியல், சமூக அறிவியல்: திருச்சி பாரதிதாசன், கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் போன்றவற்றில் பெண்ணியல் துறைகள் உள்ளன. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும், டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவ மையமும் இத்துறையில் பெயர்பெற்றவை. யூ.ஜி.சி. நெட் தேர்வில் ‘விமென் ஸ்டடீஸ்’ தனிப் பாடம்.

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய் உதவித்தொகை. இது 2023 ஜனவரி முதல் உள்ள நிலவரம். ஜே.ஆர்.எஃப். வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து ஆண்டுகள் தளர்வு உண்டு. பிஎச்.டி. முடிக்கப் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுகளும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் விதிகளில் இருக்கின்றன.

கஷ்டம் எங்கே?

விதியில் இருப்பது வேறு, வீட்டில் நடப்பது வேறு. பிஎச்.டி. செய்யும் வயதும் ‘எப்போ கல்யாணம்?’ என்று கேட்கும் வயதும் ஒன்று. குழந்தை பிறந்த பிறகு கள ஆய்வுக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வருவது யாருக்கும் சுலபமில்லை. பெண்களின் ஓய்வின்மை பற்றி ஆய்வு செய்பவரே ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தை தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறக்கிறார். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. ஒரு ப்ராஜெக்ட் முடிந்தால் அடுத்த நிதி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

களத்தில் வேறு சிக்கல்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மருமகளிடம் கருத்தடை பற்றிக் கேட்க முடியாது. தனியாகப் பேச இடம் இருக்காது. வீட்டில் அடிபடுவதாக ஒரு பெண் சொல்லி அழுதால், அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட முடியாது. யாரிடம் உதவிக்கு அனுப்புவது என்ற ஏற்பாடு ஆய்வு தொடங்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, பேட்டி முடியும்போது வரும் கேள்வி. “எல்லாம் எழுதிக்கிட்டீங்க. இதனால எங்களுக்கு என்ன?”

இதற்கு நேர்மையான பதில் சொல்வது கஷ்டம். கட்டுரை ஆங்கிலத்தில் வரும். பல சமயம் பணம் கட்டினால்தான் படிக்க முடியும். பதவி உயர்வுக்குக் கணக்கில் வருவது அதுதான். பதில் சொன்ன பெண் அதைப் பார்க்கவே போவதில்லை. திருக்கழுக்குன்றத்து மையம் தமிழில் உடல்நலக் கையேடுகளைப் போட்டதும், ஊருக்கே திரும்பிப் போய்ப் பேசியதும் இந்தக் கேள்விக்கான ஒரு பதில். அதற்குப் பல்கலைக்கழகங்களில் தனி மதிப்பெண் கிடையாது. இருந்தும் செய்பவர்கள் செய்கிறார்கள்.

உங்களிடம் ஒருவர் ஆய்வுக்காக வந்தால்?

கம்பெனி வாசலிலோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வாட்ஸ்அப்பில் வரும் ஒரு படிவம் மூலமோ இப்படி ஒரு கேள்வித்தாள் உங்களிடமும் வரலாம். அப்போது நீங்களும் கேட்கலாம்.

• இந்த ஆய்வை நடத்துவது எந்த நிறுவனம்? நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கிறதா?

• என் பெயர் வருமா? நான் சொல்வது என் சூப்பர்வைசருக்கோ வீட்டுக்கோ போகுமா?

• பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாமா? பாதியில் நிறுத்தலாமா?

• ரத்தம், சிறுநீர் எடுத்தால் எதற்கான சோதனை? முடிவை எனக்குச் சொல்வீர்களா?

• ஆய்வு முடிந்ததும் என்ன தெரிந்தது என்று தமிழில் எங்களுக்குச் சொல்வீர்களா?

நல்ல ஆய்வாளர் இவற்றுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார். பதில் திருப்தியாக இல்லையென்றால் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு. திருப்தியாக இருந்தால், ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கிப் பேசுங்கள். ‘நல்லாதான் இருக்கு’ என்பதோடு நிறுத்தாமல், உள்ளதைச் சொல்லுங்கள். அடுத்த இருக்கைச் சட்டமோ, கழிப்பறை இடைவேளையோ, சிகிச்சைத் திட்டமோ அந்தப் பதிலிலிருந்து தொடங்கலாம்.